எத்தனை முறை ‘முதல் பெண்’? நிருபமா வைத்தியநாதனின் டென்னிஸ் வாழ்க்கையை முன்வைத்து

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்களின் நோட்டுகளில் நிருபமா வைத்தியநாதன் ஒரே ஒரு வரியாக இருக்கிறார்: நவீன காலத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண், ஆஸ்திரேலிய ஓபன், 1998. ரிஷிவந்தியத்தில் என்னிடம் தமிழ் படித்துவிட்டு இப்போது டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகும் பெண்கள் இந்த வரியை ஒரே மூச்சில் சொல்வார்கள். முதல் பெண் மருத்துவர், முதல் பெண் விமானி, முதல் பெண் ஆளுநர் என்று நீளும் பட்டியலில் அவரும் ஒருவர். மதிப்பு ஒரு மதிப்பெண். அவர் எந்த ஊர்க்காரர், அடுத்த சுற்றில் என்ன ஆனது, அதற்குப் பின் எத்தனை ஆண்டு ஆடினார் என்று கேட்டால் பதில் இருக்காது. கேள்வித்தாளில் வராததை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

எனக்கு அந்த ஒரு வரியோடுதான் பேச்சு. ‘முதல் பெண்’ என்பது பாராட்டு மாதிரி ஒலிக்கிறது. அது அந்தப் பெண்ணைத் தூக்கி மேடையில் நிறுத்துகிறது, உண்மைதான். ஆனால் அதே சொல், அவளுக்கு முன்னால் கதவைச் சாத்தி வைத்திருந்தவர்களையும் அவளுக்குப் பின்னால் கதவைத் திறந்து வைக்காதவர்களையும் சத்தமில்லாமல் மன்னித்துவிடுகிறது. நிருபமாவின் டென்னிஸ் வாழ்க்கையை இப்படி ஒரு வரியாக அல்லாமல், காலத்தின் கணக்காக வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். ஒரு பெண்ணுக்கு விளையாட நேரம் கொடுத்தது யார், அந்த நேரத்தை எடுத்துக்கொண்டது யார் என்பதே அந்தக் கணக்கு.

முதலில் அந்த ‘முதல்’ எத்தனையாவது முதல் என்று பார்ப்போம். 1934இல் லீலா ராவ் விம்பிள்டனில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றை வென்றார். விம்பிள்டனில் வென்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைச் சொல்கிறோம். அவருடைய தாய் க்ஷமா ராவ் சமஸ்கிருத எழுத்தாளர். அவரும் டென்னிஸ் ஆடியவர். 1971இல் நிருபமா மங்கட், ஆனந்த் அமிர்தராஜுடன் சேர்ந்து விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் ஆடினார். அவரும் ஒரு ‘முதல்’. 1998இல் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன், மெல்பர்னில் இத்தாலியின் குளோரியா பிட்ஸிகினியைத் தோற்கடித்து இரண்டாம் சுற்றுக்குப் போனார், மறுபடி ‘முதல்’. 2005இல் சானியா மிர்சா அதே மெல்பர்னில் மூன்றாம் சுற்று வரை போய் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றார். அதே ஆண்டு ஹைதராபாத்தில் டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டத்தையும் வென்றார், அதுவும் ‘முதல்’.

எழுபது ஆண்டுகளில் நான்கு முதல் பெண்கள். இதைப் படிப்படியான முன்னேற்றம் என்று எழுதுவது நம் வழக்கம். எனக்கு அப்படித் தெரியவில்லை. லீலா ராவுக்கும் நிருபமா வைத்தியநாதனுக்கும் இடையில் அறுபத்து நான்கு ஆண்டுகள். ஒருவர் வெட்டிய பாதையில் அடுத்தவர் நடந்திருந்தால், 1998இல் வென்றவரை நாம் பத்தாவது, இருபதாவது பெண் என்றல்லவா எண்ணியிருக்க வேண்டும்? ‘நவீன காலத்தில்’ என்ற அடைமொழியைச் சேர்த்து எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டி வந்ததென்றால், முன்னால் போனவரின் சுவடு நடுவில் அழிந்துபோயிற்று என்றுதான் பொருள். புஞ்சைக் காட்டில் ஆள் நடக்காத ஒற்றையடிப் பாதையை ஒரே மழைக்காலத்தில் புல் மூடிவிடும். அடுத்து வருகிறவள் மறுபடி கால் வைத்துத்தான் பாதை உண்டாக்க வேண்டும்.

புல் மண்ட விட்டவர்கள் யார் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 1980களில் சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தின் பெயரோடு, ஒரு பிஸ்கட் நிறுவனத்தின் ஆதரவில், தங்கிப் பயிலும் டென்னிஸ் திட்டம் நடந்தது. லியாண்டர் பயஸ் 1985இல் அங்கே சேர்ந்துதான் வளர்ந்தார். அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது நமக்கு நினைவுக்கு வருகிற பெயர்கள் எல்லாம் பையன்களின் பெயர்கள். 1997இல் ஆண்களுக்கான ஏ.டி.பி. போட்டி சென்னைக்கு வந்தது. 2017 வரை, இருபத்தொரு முறை, நுங்கம்பாக்கம் மைதானத்தில் உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் வந்து ஆடினார்கள். அதே மைதானத்தில் பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. போட்டி முதன்முறையாக நடந்தது 2022 செப்டம்பரில். நிருபமா தன் வாழ்நாளின் உயர்ந்த தரவரிசையான 134ஐ எட்டியதும் 1997இல்தான். சென்னையில் உலக டென்னிஸ் வந்து இறங்கிய அதே ஆண்டில், தமிழ்நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரிக்குத் தன் மாநிலத்தில் அந்த மட்டத்தில் ஆட ஒரு போட்டி இல்லை. அவர் விமானம் ஏற வேண்டியிருந்தது.

அந்த 134 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். நூறு கோடிப் பேர் வாழும் நாட்டிலிருந்து போன ஒரு பெண்ணுக்கு உலகத்தில் 134ஆவது இடம் என்பது பெரிய காரியம். ஆனால் டென்னிஸின் அமைப்பில் அது ஒரு கொடுமையான இடம். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 பேர் ஆடலாம். தரவரிசையில் ஏறக்குறைய முதல் நூறு பேருக்குள் இருப்பவர்களுக்கு நேரடி நுழைவு. மீதி இடங்களில் சில, போட்டி நடத்துகிறவர்கள் விருப்பப்பட்டுக் கொடுப்பவை. மற்றவற்றுக்குத் தகுதிச் சுற்றில் தொடர்ந்து வெல்ல வேண்டும். தகுதிச் சுற்றில் தோற்றால் மிச்சப் பணத்தை எண்ணிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான். வாசலுக்கு வெளியே, ஆனால் உள்ளே நடப்பதெல்லாம் தெரிகிற தூரத்தில் நிற்கிற இடம் அது.

அங்கே நிற்பதற்கும் செலவு உண்டு. டென்னிஸ் ஆட்டக்காரிக்கு மாதச் சம்பளம் கிடையாது. விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டுவது எல்லாம் சொந்தக் காசு, வென்றால் பரிசுத்தொகை. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2013ஆம் ஆண்டின் வரவு செலவை வைத்து ஓர் ஆய்வு செய்தது. ஒற்றையரில் வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்க ஓர் ஆண் தரவரிசையில் 336ஆவது இடத்தில் இருந்தால் போதும். ஒரு பெண் 253ஆவது இடத்தில் இருந்தாக வேண்டும். பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணம் இந்தக் கணக்கில் இல்லை. 254க்கும் 336க்கும் இடையில் எண்பத்து மூன்று படிகள். அந்தப் படிகளில் நிற்கும் ஆணுக்கு இது தொழில், பெண்ணுக்குக் கடன். இது நிருபமாவின் காலத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து எடுத்த கணக்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய ஓபன் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடைவிடாமல் ஒரே பரிசுத்தொகை தருவது 2001இலிருந்து, விம்பிள்டன் 2007இலிருந்து. நிருபமா மெல்பர்னில் வென்றபோது அந்த வெற்றியின் விலை ஆணின் வெற்றியின் விலை இல்லை.

அடுத்து அப்பா. நிருபமாவின் தந்தை கே.எஸ். வைத்தியநாதன் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பை ஆடிய கிரிக்கெட் வீரர். ஐந்து வயதில் மகள் கையில் மட்டையைக் கொடுத்தவர் அவர்தான். பதினான்கு வயதில் நிருபமா தேசிய மகளிர் பட்டம் வென்றார். இந்திய விளையாட்டுப் பெண்களின் கதை பெரும்பாலும் இப்படி ஓர் அப்பாவிலிருந்துதான் தொடங்குகிறது. சானியாவுக்கும் தந்தைதான் பயிற்சியாளர். ‘தங்கல்’ படம் 2016இல் வந்தபோது நம் வீடுகளில் எல்லோரும் கண் கலங்கிப் பார்த்தார்கள். அந்தப் படத்தின் நாயகன் மல்யுத்தம் செய்த மகள்களா, செய்யவைத்த அப்பாவா என்று யோசித்தவர்கள் குறைவு.

அப்பாக்களைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. மகளை மைதானத்துக்கு அழைத்துப்போகும் அப்பா எங்கள் பக்கத்தில் அபூர்வம். என் கேள்வி வேறு. ஒரு நாட்டில் பெண் விளையாட வேண்டுமென்றால் அவளுக்கு விளையாட்டு தெரிந்த, நேரமும் காசும் உள்ள, ஊர்ப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத அப்பா வாய்க்க வேண்டும் என்றால், அந்த நாடு அவளுக்காக எதையும் செய்யவில்லை என்றுதானே பொருள்? வாய்ப்பு என்பது பிறப்பின் தற்செயலாகிவிடுகிறது. நகரத்தில், படித்த குடும்பத்தில், கிளப்பின் கேட்டுக்குள் கூச்சமில்லாமல் நுழையப் பழகிய வீட்டில் பிறந்தால் அந்தத் தற்செயல் நடக்கலாம். கரும்பு வெட்டப் போகிற அப்பாவுக்கும் மக்காச்சோளக் காட்டில் களையெடுக்கிற அம்மாவுக்கும் பிறந்த மகளுக்கு நடக்காது. டென்னிஸ் கோர்ட்டுகள் வெள்ளைக்காரர் காலத்து கிளப்புகளோடு நம் ஊர்களுக்கு வந்தவை. யார் உள்ளே வரலாம் என்று சாதியும் பணமும் சொன்ன இடங்கள் அவை. இதை ஒதுக்கிவைத்துவிட்டு நிருபமாவின் வெற்றியை ‘விடாமுயற்சி’ என்று மட்டும் எழுதினால், விடாமுயற்சி இல்லாததால்தான் மற்ற பெண்கள் வரவில்லை என்றும் எழுதியதாகிவிடும்.

இதே இடத்தில் பிரிட்டனின் ஆன் கியோதவோங்கை நினைத்துக்கொள்வது உதவும். லாவோஸிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனின் ஹாக்னி பகுதியில், வசதி குறைந்தவர்கள் நிறைய வாழும் இடத்தில் வளர்ந்தவர். வீட்டுக்கு அருகே பூங்காவில் இருந்த பொது டென்னிஸ் கோர்ட்டில் ஆடத் தொடங்கி, 2009இல் உலகின் முதல் ஐம்பது பேருக்குள் வந்தார். பதினாறு ஆண்டுகளாக எந்த பிரிட்டன் பெண்ணும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. விம்பிள்டன் போட்டியில் மிஞ்சும் பணம் அந்த நாட்டு டென்னிஸ் சங்கத்துக்குப் போகிறது. அப்படிப் பணம் கொட்டுகிற நாட்டிலேயே பதினாறு ஆண்டு இடைவெளி. அங்கேயும் பெண்களுக்குப் பாதை தானாக அமைந்துவிடவில்லை. ஆனாலும் ஒன்று கவனிக்கத் தக்கது: அவருக்கு ஒரு பூங்கா இருந்தது. யாருடைய மகள் என்று கேட்காத ஒரு கோர்ட். நம்மிடம் இல்லாதது அதுதான்.

நிருபமா தன் வாழ்க்கையைத் தானே எழுதியிருக்கிறார். 2013இல் வந்த அந்தத் தன்வரலாற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘தி மூன்பாலர்’. டென்னிஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பந்தை வலைக்கு மேலே மிக உயரத்தில், நிலாவைத் தொடுகிற மாதிரி வளைத்து, எதிராளியின் கோர்ட்டின் கடைசிக் கோட்டருகே விழச் செய்வது மூன்பால். ஆட்டத்தின் பிரபுக்களுக்கு இந்த அடி பிடிக்காது. வேகம் இல்லை, வீரம் இல்லை, சின்னப் பிள்ளைகளும் பலம் குறைந்தவர்களும் ஆடுவது என்பார்கள். எதிரில் நிற்பவருக்கு எரிச்சல் வரும். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பு வரும்.

ஆனால் அந்த அடியால் ஒரு பயன் உண்டு. பந்து மேலே போய்க் கீழே வருவதற்குள் ஆடுகிறவளுக்கு இரண்டு மூன்று விநாடி கிடைக்கிறது. மூச்சு வாங்கலாம். ஓரத்துக்குத் துரத்தப்பட்டவள் நடுவுக்குத் திரும்பி வரலாம். அடுத்து என்ன என்று யோசிக்கலாம். மூன்பால் என்பது நேரம் வாங்கும் அடி. இளப்பமாகச் சொல்லப்பட்ட ஒரு பெயரைத் தன் புத்தகத்தின் அட்டையில் தானே போட்டுக்கொண்டதை நான் முக்கியமான செயலாகப் பார்க்கிறேன். ‘முதல் பெண்’ என்று தலைப்பு வைத்திருந்தால் நன்றாக விற்றிருக்கும். அவர் தன் வெற்றியைத் தலைப்பாக்கவில்லை. தாக்குப்பிடித்த விதத்தைத் தலைப்பாக்கினார். தனக்கு யாரும் தராத நேரத்தை ஒவ்வொரு பந்தாகத் தானே உண்டாக்கிக்கொண்ட ஒருத்தி என்று அந்தத் தலைப்பை நான் வாசிக்கிறேன்.

நம் அம்மாக்களுக்கு இந்த ஆட்டம் நன்றாகத் தெரியும். “அடுத்த வருஷம் பார்க்கலாம், இந்த வருஷம் படிச்சு முடிக்கட்டும்” என்று மகளின் கல்யாணப் பேச்சை உயரத் தூக்கிப் போடுகிற அம்மா ஆடுவது மூன்பால் தவிர வேறென்ன? பந்து கீழே வரத்தான் போகிறது. அதற்குள் மகள் ஒரு செமஸ்டர் முடித்திருப்பாள்.

பெண்ணின் விளையாட்டு நேரத்தை முதலில் எடுத்துக்கொள்வது அவள் உடலைப் பற்றிய மௌனம். பிரிட்டனின் ஹெதர் வாட்சன் 2015 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றிலேயே தோற்றார். தலைச்சுற்றலும் சோர்வும் இருந்ததாகச் சொன்ன அவர், அதைப் பெண்களுக்கு வரும் விஷயம் என்று கூச்சத்தோடு குறிப்பிட்டார். மாதவிடாயைப் பற்றி ஒரு டென்னிஸ் வீராங்கனை பொதுவில் வாய் திறந்தது பெரிய செய்தியாயிற்று. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெண்கள் ஆடிவரும் விளையாட்டில், ஒவ்வொரு மாதமும் நடக்கிற ஒன்று 2015இல் செய்தி! விம்பிள்டனில் உடை முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற விதி பெண்களுக்கு எவ்வளவு பதற்றம் தந்தது என்பது பேசப்பட்டு, பாவாடைக்குள் அடர் நிற உள்ளாடை அணியலாம் என்று விதி தளர்ந்தது 2023இல்தான். விம்பிள்டனில் பெண்கள் ஆடத் தொடங்கியது 1884இல்.

லண்டனின் வெள்ளை உடைக்கும் ரிஷிவந்தியத்தின் பள்ளி மைதானத்துக்கும் தூரம் அதிகம்தான். இங்கே பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்றால் கபடி, கோ-கோ, வாலிபால். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் பையன்களைத் தோற்கடிக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் கால்களில் இருக்கும் வேகத்தைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். அவர்களில் பாதிப் பேர் எட்டாம் வகுப்பில் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் அவர்களைத் தடுத்ததாகச் சொல்ல முடியாது. வயதுக்கு வந்த பிறகு தாவணி போடாத குறையாக ஒரு அடக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மைதானத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வருகிற கழிப்பறை இல்லை. சாயங்காலம் பயிற்சிக்கு நின்றால் கடைசி டவுன் பஸ் போய்விடும். வீட்டில் தண்ணீர் பிடிக்க ஆள் வேண்டும். இத்தனையும் சேர்ந்துதான் அவளை உட்கார வைக்கின்றன. ஹெதர் வாட்சன் கூச்சத்தோடு சொன்னதை இந்தப் பிள்ளைகள் சொல்வதே இல்லை. “வயிறு வலிக்குது மிஸ்” என்பதோடு முடிந்துவிடும்.

இரண்டாவதாக நேரத்தை எடுத்துக்கொள்வது கல்யாணமும் பிள்ளைப்பேறும். டென்னிஸ் தரவரிசை கடைசி ஐம்பத்திரண்டு வாரங்களின் கணக்கு. ஆடாத வாரம் கழிந்துகொண்டே போகும். ஒரு வருடம் ஆடாவிட்டால் எண் அழிந்துவிடும். பிள்ளை பெறாத உடலை மனதில் வைத்து ஆண்கள் வரைந்த நாட்காட்டி அது. 1980இல் இவான் கூலகாங் தாயான பின் விம்பிள்டன் வென்றார். 2009இல் கிம் கிளைஸ்டர்ஸ் அமெரிக்க ஓபன் வென்றார். இவர்களை அதிசயங்களாகக் கொண்டாடினோம். அதிசயமாக இருக்க வேண்டிய அவசியம் ஏன் என்று கேட்கவில்லை. செரீனா வில்லியம்ஸ் குழந்தை பெற்ற பின் 2018இல் திரும்பி, பிரெஞ்சு ஓபனில் தரநிலை இல்லாமல் ஆட நேர்ந்த பிறகுதான் விதிகளில் பெரிய மாற்றம் வந்தது. ஆட்டக்காரிகளுக்குச் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பு என்ற ஏற்பாட்டை டபிள்யூ.டி.ஏ. அறிவித்தது 2025 மார்ச்சில். நம் ஊரில் அரசு வேலை பார்க்கும் பெண்களுக்கு எப்போதோ கிடைத்த உரிமை, உலகின் மிகப் பணக்காரப் பெண்கள் விளையாட்டுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

இந்தப் பாதுகாப்புகள் எதுவும் இல்லாத காலத்தில் நிருபமா திரும்பி வந்தார். கல்யாணம் முடிந்து, மகள் பிறந்து, அமெரிக்காவில் குடியேறியவர், நிருபமா சஞ்சீவ் என்ற பெயரில் 2010இல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. பதக்கம் வரவில்லை. அதனால் அந்த வருகை நம் ஒரு வரிக் குறிப்புகளில் இடம்பெறவில்லை. எனக்கு 1998ஐவிட 2010 பெரிதாகத் தெரிகிறது. முதலாவதில் அவர் ஒரு இத்தாலிய ஆட்டக்காரியை வென்றார். இரண்டாவதில் ‘இனி உனக்கு இது எதற்கு’ என்று ஊர் கேட்கும் கேள்விக்கு முன்னால் நின்றார். 2016இல் சானியாவிடம், அவர் இரட்டையரில் உலகின் முதலிடத்தைப் பிடித்த பிறகும், எப்போது வாழ்க்கையில் ‘செட்டில்’ ஆகப்போகிறீர்கள் என்று ஒரு மூத்த பத்திரிகையாளர் தொலைக்காட்சியில் கேட்டார். முதலிடத்தில் இருப்பதே உங்களுக்குச் செட்டில் ஆனதாகத் தெரியவில்லையா என்ற பொருளில் சானியா திருப்பிக் கேட்டதும் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். எந்த ஆண் சாம்பியனையும் எப்போது அப்பாவாகப்போகிறாய் என்று கேட்டு உட்கார வைப்பதில்லை.

தோல்விகளையும் பார்த்துவிடலாம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் நிருபமா, மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆடினார். முதல் சுற்றில் ஆஸ்திரேலிய இணையிடம் 0-6, 0-6. ஒரு கேம்கூட எடுக்கவில்லை. அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள். விட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்த எண்களை இரண்டு பெண்களின் திறமைக்கான மதிப்பெண்ணாக நான் வாசிக்கவில்லை. எதிரே நின்றவர்கள் தங்கள் நாட்டுக் கூட்டத்துக்கு முன்னால், ஆண்டு முழுக்க உயர்ந்த மட்டத்தில் ஆடிப் பழகியவர்கள். இந்தப் பக்கம் நின்றவர்களின் நாட்டில் அந்த ஆண்டு வரை பெண்களுக்கு ஒரு டபிள்யூ.டி.ஏ. போட்டிகூட நடந்ததில்லை; ஹைதராபாத்தில் முதலாவது நடந்தது 2003இல். 0-6, 0-6 என்பது இரண்டு அமைப்புகளுக்கு இடையிலான ஸ்கோர். அதற்கு இரண்டு ஆண்டு முன் பாங்காக் ஆசியப் போட்டியில் நிருபமா மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம் வென்றிருந்தார். ஒரே ஆள்தான். வெண்கலத்தைத் தேசத்தின் கணக்கிலும் பூஜ்ஜியத்தை அவள் கணக்கிலும் எழுதுவது நியாயமில்லை.

எங்கள் ஊர் அர்த்தநாரீஸ்வரர் கோவிலைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. சாதாரண நேரத்தில் கருவறையில் தெரிவது லிங்கம். தேனபிஷேகம் செய்யும்போது மட்டும் அதில் அம்மையும் அப்பனும் சேர்ந்த உருவம் தெரியும் என்பார்கள். தேன் வழிந்து முடிந்ததும் உருவம் மறைந்துவிடும். அந்தத் தரிசனத்துக்காக வெளியூர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பக்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் விளையாட்டுப் பெண்களை நம் நாடு பார்க்கிற விதம் எனக்கு இதையே நினைவுபடுத்துகிறது. வெற்றி என்ற தேன் வழிகிற நிமிடத்தில் அந்தப் பாதி உருவம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மாலை போடுகிறோம், பரிசு அறிவிக்கிறோம். வழிந்து முடிந்ததும் கல் மட்டும்தான். அவள் அங்கேயேதான் இருந்தாள், தேன் இல்லாத நாட்களிலும் இருக்கிறாள் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

டென்னிஸ் பணக்கார விளையாட்டு, கூலி வேலைக்குப் போகும் பெண்களின் ஊரில் இருந்துகொண்டு அதைப் பற்றி எழுதுவானேன் என்று தோழிகள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: வசதியும் கல்வியும் விளையாட்டு தெரிந்த அப்பாவும் வாய்த்த ஒருத்திக்கே இந்த நாடு இவ்வளவு குறைவாகத்தான் நேரம் கொடுத்திருக்கிறது. அப்படியானால் எதுவும் வாய்க்காத பெண்ணிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டிருக்கும்? மேலே நிற்பவளின் கணக்கைச் சரியாகப் பார்த்தால்தான் கீழே இருப்பவளின் இழப்பை அளக்க முடியும். அவளை ‘முதல் பெண்’ என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தால் இரண்டு கணக்கும் தெரியாமல் போகும்.

இப்போது கோயம்புத்தூரிலிருந்தே இன்னொரு பெண் வந்திருக்கிறார். மாயா ராஜேஸ்வரன் ரேவதி 2025 பிப்ரவரியில், பதினைந்து வயதில், மும்பையில் நடந்த டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து அரையிறுதி வரை போனார். ‘இளையவர்’, ‘முதல்’ என்ற சொற்கள் உடனே செய்திகளில் வந்துவிட்டன. பயிற்சிக்காக அவர் போயிருப்பது ஸ்பெயினில் உள்ள நடால் அகாடமிக்கு. நிருபமாவின் 134க்கு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் கோவைப் பெண் வளர வேறு கண்டத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. நிருபமா வைத்தியநாதன் இன்று பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித் தருவதும் கலிஃபோர்னியாவில்தான். அவருக்குத் தெரிந்தது எல்லாம் அங்கே இருக்கிறது. அவர் ஆடிப் பழகிய மண்ணில் அது அடுத்தவளுக்குக் கைமாறவில்லை.

ஆகவே விளையாட்டுப் பெண்களைப் பற்றி எழுதுகிற மாணவிகளிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். ‘முதல்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அடுத்த வரியில் இரண்டாமவள் யார், எத்தனை ஆண்டு கழித்து வந்தாள் என்று கேளுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியைப் பற்றி எழுதுங்கள். அதில்தான் சங்கங்களும் அரசும் குடும்பமும் ஒளிந்திருக்கின்றன. அதோடு, உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கு ஒரு சாயங்காலம் போய், ஆறாம் வகுப்பில் மைதானத்தில் ஓடிய பெண்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஓடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணை எந்தச் சங்கமும் தரவரிசையும் வெளியிடாது. நாம்தான் எண்ண வேண்டும்.